அனுராதபுரத்தில் வானை நிப்பாட்டாத சனம்

"அண்ணை, அனுராதபுரத்தில இறங்கிறியளோ, இல்லாட்டி நேர விடவோ?"

ரம்பாவையில் ஏ9 றோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பும்போது வான்காரத் தம்பி கேட்டான். 2023 ஆகஸ்ட். யாழ்ப்பாணத்தில் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு கொழும்புக்குப் போகிற பயணம். வானுக்குள் ஏழு பேர். கனடாவில் இருந்து வந்த மச்சான் குடும்பம் நாலு பேர், நான், என்னுடைய மகள், பின் சீற்றில் மாமி.

மச்சான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அங்க என்ன கிடக்கு? சிங்களவன்ர விகாரையள். பேசாமல் விடு தம்பி. புத்தளத்தில போய்ச் சாப்பிடுவம்."

தம்பிக்கு இது புதிதில்லை. "வெளிநாட்டுக்காரர் கன பேர் இறங்கிறேல்லை அண்ணை. ஒண்டுக்குப் போறதுக்கு மட்டும் நிப்பாட்டச் சொல்லுவினம்" என்றான்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட ஒரு நகரம். ஆயிரம் வருசத்துக்கு மேலாக ஒரு இராச்சியத்தின் தலைநகரம். 1982ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்று அறிவித்த இடம். யாழ்ப்பாணத்தான் அதைக் கக்கூசுக்குப் பாவிக்கிறான், அதுவும் பெருமையாக.

இதே மச்சானின் முகப்புத்தகத்தைப் போய்ப் பாருங்கள். ரோமில் கொலோசியத்துக்கு முன்னால் குடும்பமாகப் படம். கம்போடியாவில் அங்கோர் வாட்டுக்கு முன்னால் நின்று "எங்கள் சோழன் கட்டியது" என்று எழுதிப் போட்ட படம். (அங்கோர் வாட்டைக் கட்டியது கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன். சோழனுக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கீழே நானூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.) யாரோ ஒருவனின் கல்லை எங்கடை என்று சொல்ல எட்டாயிரம் மைல் பறக்கத் தயார். எங்கட ஆக்களின் பெயர் வெட்டியிருக்கிற கல் வானால் இறங்கி நடக்கிற தூரத்தில் கிடக்க, "சிங்களவன்ர விகாரை" என்று நித்திரை.

நானும் யோக்கியன் இல்லை. அதற்கு முன்னர் மூன்று தடவை அந்த வழியால் போயிருக்கிறேன், ஒரு தடவையும் இறங்கவில்லை. இந்த முறையும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பின் சீற்றில் இருந்துதான் சத்தம் வந்தது.

"நான் இறங்க வேணும்."

மாமிக்கு 76 வயது. மாமா ரெயில்வேயில் கிளாக்கர். 1977 ஆகஸ்ட் வரைக்கும் அவர்கள் இருந்தது அனுராதபுரத்தில், ரெயில்வே குவாட்டர்சில். அதற்குப் பிறகு மாமி அந்த ஊர் மண்ணில் கால் வைக்கவில்லை. நாற்பத்தாறு வருசம். மச்சான் கண்ணைத் திறந்தார். வான் நின்றது.

டிக்கட் கதையை முதல் சொல்லி முடிக்கிறேன். வெளிநாட்டுப் பாஸ்போட்காரருக்கு டொலரில் கணக்குப் பார்க்கிற டிக்கட். மல்லாகத்தில் பிறந்த நான் ஜேர்மன்காரனாக வரிசையில் நின்று காசு கட்டினேன். வான்காரத் தம்பி சும்மா கையை வீசிக்கொண்டு உள்ளே போனான். கவுண்டரில் இருந்த பிள்ளை என் முகத்தையும் பாஸ்போட்டையும் மாறி மாறிப் பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை. மச்சானுக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் பட்டது. எனக்கு என்னவோ அதில் கோபம் வரவில்லை. அந்த நகரத்துக்கு நான் வெளிநாட்டுக்காரன் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்தானே.

எப்படி எழுதிக் கொடுத்தோம் என்று சொல்கிறேன்.

மகாவம்சத்தை நாங்கள் வாசிக்காமலே திட்டுகிற சனம். ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டளவில் மகாவிகாரையைச் சேர்ந்த ஒரு பிக்கு தன்னுடைய விகாரையின் பக்கத்தில் நின்று எழுதிய நூல் அது. அதைச் சிங்களத் தேசியவாதிகள் எப்படி வாசிக்கிறார்களோ, ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியேதான் நாங்களும் வாசிக்கிறோம். அவர்கள் "இது சிங்கள பௌத்தரின் நகரம், தமிழன் படையெடுத்து வந்தவன்" என்கிறார்கள். நாங்கள் "ஓம், அது உங்கட நகரம், நாங்கள் படையெடுத்து வந்த வீரர்" என்கிறோம். சண்டை எங்கே இருக்கிறது இதில்? இரண்டு பக்கமும் ஒரே கதையில் கையெழுத்து.

அனுராதபுரத்தில் தமிழர் என்றால் எங்களுக்கு எல்லாளன் மட்டும்தான். 44 வருசம் ஆண்டான், மணி கட்டினான், கன்றுக்குட்டிக்காக மகனைத் தேர்க்காலில் இட்டான், துட்டகைமுனுவோடு தனிச் சமர் செய்து விழுந்தான், எதிரியே சமாதி கட்டினான். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது அதே மகாவம்சத்தில் இருந்துதான் என்பதை மறந்துவிடுகிறோம். ஆனால் அதே நூலில் எல்லாளனைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது, அதை ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. பிக்குகளை அழைப்பதற்காக அவன் மலைக்குப் போய்த் திரும்பி வருகிறபோது தேரின் நுகத்தடி பட்டு ஒரு தூபி சேதமாகிவிடுகிறது. எல்லாளன் தேரில் இருந்து குதித்து, என் தலையை வெட்டுங்கள் என்று றோட்டில் படுக்கிறான். மந்திரிமார் சமாதானம் சொல்லி, தூபியைத் திருத்திக் கட்டினால் போதும் என்கிறார்கள். பெயர்ந்தது 15 கல். அதற்கு அவன் 15,000 ககாபணம் செலவழித்தான் என்று எழுதியிருக்கிறது. பௌத்தன் இல்லாத தமிழ் அரசன், பௌத்தத் தூபியின் 15 கல்லுக்குத் தலை குடுக்கப் படுத்தவன். அந்த எல்லாளன் எங்களுக்குத் தேவையில்லை. வாள் பிடித்த எல்லாளன்தான் வேணும். 2007 ஒக்ரோபரில் அனுராதபுரம் விமானத்தளத்தைத் தாக்கியதற்கும் அவன் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்தச் சமாதியும் ஒரு கதைதான். நகரின் தென்பக்கத்தில் பெரிய செங்கல் மேடு ஒன்று இருக்கிறது. நூற்றாண்டுக்கணக்காகச் சனம் அதை எல்லாளன் சமாதி என்றுதான் சொல்லி வந்தது. 1818 கலகம் தோற்று வெள்ளைக்காரனுக்குப் பயந்து ஓடுகிற கண்டித் தலைவர் பிலிமத்தலாவை, அந்த இடம் வந்ததும் பல்லக்கில் இருந்து இறங்கி, தாண்டிவிட்டோம் என்று நிச்சயமாகும் வரை நடந்தே போனாராம். மேஜர் போர்ப்ஸ் என்ற வெள்ளைக்காரன் 1840ல் வந்த தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறான். உயிருக்கு ஓடுகிற ஒரு சிங்களப் பிரபு, இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின தமிழ் அரசனுக்குப் பல்லக்கை விட்டு இறங்குகிறான். எங்கட மச்சான் வானை விட்டு இறங்க மாட்டாராம்.

20ஆம் நூற்றாண்டில் பரணவிதான அந்த மேட்டைத் தோண்டி, இது எல்லாளன் சமாதி இல்லை, தக்கிண தூபம் என்று சொன்னார். துட்டகைமுனுவைத் தகனம் செய்த இடம் என்றும் சொன்னார். ஜேம்ஸ் இரத்தினம் மாதிரி ஆட்கள் அதை எதிர்த்து எழுதினார்கள். எனக்கு எந்தச் சாம்பல் யாருடையது என்பதில் பெரிய அக்கறை இல்லை. மேடு ஒரு விகாரையின் தூபியாக இருந்திருக்கலாம் என்பதற்குப் பரணவிதானவிடம் காரணம் இருக்கிறது. ஆனால் பிலிமத்தலாவை இறங்கி நடந்தது அந்த மேட்டுக்குத்தான். அந்த நடையை எந்த அறிக்கையாலும் மண் போட்டு மூட முடியாது. அங்கே நான் பார்த்த பலகையில் அந்த நடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது அவர்களுடைய பிழை. எங்களில் ஒருத்தர் நின்று "ஏன் இல்லை" என்று கேட்காதது எங்களுடைய பிழை.

இனி எல்லாளனை விடுங்கள். அபயகிரிப் பக்கம் ஒரு பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, கி.மு. காலத்தது. "தமெட" சமணன் ஒருவன் செய்வித்த, "தமெட" கிரகபதிகளின் மண்டபம் என்று அதில் வெட்டியிருக்கிறது. தமெட என்றால் தமிழ். கிரகபதி என்றால் வீட்டுத் தலைவன், வசதியான குடியானவன் அல்லது வியாபாரி. யார் யார் எந்த ஆசனத்தில் இருப்பது என்றும் பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவன் நாவிகன், கப்பல்காரன். சண்டை பிடிக்க வந்தவன் தனக்கு இருக்கை பதிவு செய்து வைக்க மாட்டான். இவர்கள் அந்த ஊரில் வீடு வைத்திருந்த ஆட்கள், பின்னேரம் கூடி இருந்து கதைத்த ஆட்கள். இப்ப எங்கட சங்கங்களில் முன் வரிசைக் கதிரைக்குப் பேப்பர் ஒட்டி வைக்கிறார்களே, அதே சனம்தான். அதைப் பார்த்தாலே தமிழன் என்று தெரிந்துவிடும்!

அதற்குப் பிறகு ஒன்பதாம் நூற்றாண்டளவில் தமிழிலேயே வெட்டிய கல்வெட்டுகள். குமாரகணத்துப் பேரூரார் என்ற ஒரு கூட்டம் கோயிலுக்கு விளக்கும் படையலும் வைக்கப் பொறுப்பெடுத்த கல்வெட்டு. நான்கு நாட்டார் என்ற கூட்டம் கட்டிய மாக்கோதைப் பள்ளி பற்றிய கல்வெட்டு. இந்தப் பள்ளி சைவக் கோயில் இல்லை. பௌத்தப் பள்ளி. தமிழில் பேசி, தமிழில் எழுதி, புத்தரைக் கும்பிட்ட ஆட்கள். நகரின் வடக்கில் சின்னச் சிவன் கோயில்களின் அத்திவாரங்கள் லிங்கங்களோடு வெளிப்பட்டன, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெல் என்ற வெள்ளைக்காரன் தோண்டியபோது. மகாசேனன் காலத்தில் மகாவிகாரையையே காலியாக்க வைத்த சங்கமித்திரர் என்ற பிக்கு, சோழ நாட்டில் இருந்து போனவர். அந்த மகாசேனன் தொடங்கிய ஜேதவனத் தூபிக்கு முன்னால் நின்று என் மகள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தாள். கட்டிய காலத்தில் 122 மீற்றர் உயரம். எகிப்தின் இரண்டு பெரிய பிரமிட்டுகளுக்கு அடுத்து உலகத்தில் உயரமாக நின்ற கட்டடம். 9 கோடிக்கு மேல் செங்கல் என்று கணக்குச் சொல்கிறார்கள். "இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று ஜேர்மனில் கேட்டாள். என்ன பதில் சொல்ல? டிரியர் நகரத்துக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போய் ரோமர் கட்டிய கறுப்பு வாசலைப் பற்றி நாலு பக்கம் எழுதின பிள்ளை. ஜேர்மன்காரன் அந்த வாசலை "இத்தாலிக்காரன்ர" என்று சொல்லி ஒதுக்கவில்லை. தன் ஊர்க் கதை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறான்.

அபயகிரியில் ஒரு விசயம் என்னை உலுப்பியது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியான் என்ற சீனப் பிக்கு இங்கே இரண்டு வருசம் தங்கியிருந்தார். ஊரை விட்டு வந்து பல வருசம், கூட வந்தவர்கள் சிலர் செத்துப் போனார்கள், சிலர் பிரிந்து போனார்கள். ஒரு நாள் பச்சைக் கல் புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு வியாபாரி வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். சீனத்து விசிறி. அதைக் கண்டதும் தன்னை அறியாமல் கண்ணீர் வந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1991ல் டோட்முண்ட் அகதி முகாமில் யாரோ ஒருவருக்கு ஊரில் இருந்து வந்த பார்சலில் பனங்கட்டிக் குட்டானைக் கண்டு நான் அழுதது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் நின்று இது சிங்களவன்ர விகாரை என்று நினைக்க என்னால் முடியவில்லை.

சரி, இப்போது நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். இந்தப் பத்தியை இதுவரை வாசித்தவர்களில் பாதிப் பேர் பல்லைக் கடித்துக் கொண்டிருப்பீர்கள். "தொல்லியல் எண்டு சொல்லித்தானே எங்கட காணியைப் பிடிக்கிறான். நீ அவன்ர தூபியைக் கும்பிடச் சொல்லுறாய்."

பிடிக்கிறார்கள்தான். மறுக்கவில்லை. 2020ல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது முதலில் அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. முல்லைத்தீவு குருந்தூர்மலையில் நீதிமன்றம் கட்டாதே என்று சொன்ன பிறகும் விகாரை எழும்பியது. நாங்கள் அந்தப் பயணம் போய் வந்த அடுத்த மாதம், 2023 செப்டம்பரில், அந்த வழக்கை விசாரித்த நீதிபதி உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு நாட்டை விட்டே போனார். அனுராதபுரத்திலேயே 2011 செப்டம்பரில் பிக்குமார் தலைமையில் ஒரு கூட்டம் வந்து முஸ்லிம்களின் தர்கா ஒன்றை உடைத்துத் தள்ளியது. புனித நகரம் என்ற எண்ணமே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலிசிங்க ஹரிச்சந்திர போன்றவர்கள் கிளப்பியதுதான். 1940களில் சட்டம் வந்தது, அதன் பிறகு பழைய ஊருக்குள் கடை வைத்திருந்தவன், வீடு வைத்திருந்தவன் எல்லோரையும் மல்வத்து ஓயாவுக்குக் கிழக்கே புதிய நகரத்துக்குத் தூக்கினார்கள். தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் கலந்து கிடந்த ஒரு சந்தை ஊரைத் துடைத்து, புல்லு நட்டு, ஒரே ஒரு கதை மட்டும் நிற்கிற இடமாக்கினார்கள்.

அவன் காணி பிடிப்பது எந்தத் தர்க்கத்தால்? "பௌத்தக் கல் கிடக்கிற இடமெல்லாம் சிங்களவனின் இடம்." நாங்கள் அனுராதபுரத்தில் வானை நிப்பாட்டாமல் போவது எந்தத் தர்க்கத்தால்? அதே தர்க்கத்தால். அதை அனுராதபுரத்தில் ஒத்துக்கொண்டுவிட்டுக் குருந்தூர்மலையில் மறுக்க முடியாது. எங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிசம் கந்தரோடை. சின்னச் சின்னத் தூபிகள். 1917 அளவில் போல் பீரிஸ் தோண்டிய இடம். நான் ஊரில் இருந்த காலம் முழுக்க அந்த வழியால் ரியூசனுக்குப் போனேன், ஒரு பெரியவரும் "அது எங்கட முன்னோரில் பௌத்தராக இருந்த ஆக்களின்ரை" என்று சொல்லித் தரவில்லை. மணிமேகலை தமிழில்தான் எழுதியிருக்கிறது. காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் தமிழ் பௌத்தம் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தது. அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு, கந்தரோடையைக் கண்டவுடன் முகத்தைத் திருப்பிக் கொண்டோம். நாங்கள் திருப்பிய முகத்தைத்தான் இப்ப அவன் "பார், தமிழனே இது தன்ரை இல்லை எண்டு சொல்லுறான்" என்று சாட்சிக்கு எடுக்கிறான். காணிக்காக வழக்குப் போடுகிறவர்களுக்கு நாங்கள் செய்த துரோகம் அது.

இனி நான் எழுத விரும்பாத பகுதி.

மாமி ஸ்ரீ மகா போதிக்குப் போக வேணும் என்றா. மகளைப் பிடித்துக் கொண்டு மெல்ல நடந்தா. வாசலில் ஓலுப் பூ வாங்கினா. உள்ளே மணல் முற்றத்தில் வெள்ளை உடுப்புச் சனம். அங்கே நின்றபோது எனக்கு 1985 மே 14 ஞாபகம் வந்தது. அன்றைக்கு விடுதலைப் புலிகள் இந்த ஊருக்குள் பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்தில் நின்ற சனத்தைச் சுட்டு, பிறகு இந்த மரத்தடிக்கு வந்து கும்பிட்டுக் கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். பிக்குகள், சில்மாணிகள், பெண்கள், பிள்ளைகள். 146 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எனக்கு அப்ப பன்னிரண்டு வயது. மல்லாகத்தில் எங்கள் ஒழுங்கையில் ரேடியோவைச் சுற்றி ஆம்பிளையள் நின்றார்கள். ஒருத்தர் சொன்னார், "வல்வெட்டித்துறைக்குக் குடுத்திருக்கிறாங்கள்." சில நாள் முன்புதான் வல்வெட்டித்துறையில் இராணுவம் பொதுமக்களைக் கொன்று தள்ளியிருந்தது. அடுத்த நாள், மே 15, நெடுந்தீவில் இருந்து வந்த குமுதினிப் படகில் எங்கட சனத்தை வெட்டிக் கொன்றார்கள். குமுதினிக்கு ஒவ்வொரு வருசமும் விளக்குக் கொளுத்துகிறோம். கொளுத்தத்தான் வேணும். ஆனால் முதல் நாளைப் பற்றி 38 வருசமாக ஒரு வார்த்தை?

மகாவம்சத்தில் எங்களுக்கு மிகவும் அருவருப்பான இடம் எது? எல்லாளனை வென்ற பிறகு துட்டகைமுனு நித்திரை வராமல் தவிக்கிறான், இவ்வளவு உயிரைக் கொன்றுவிட்டேனே என்று. அரகந்தர்கள் எட்டுப் பேர் வந்து ஆறுதல் சொல்கிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதனைத்தான், திரிசரணம் எடுத்தவன் ஒருவன், பஞ்சசீலம் எடுத்தவன் மற்றவன், மிச்சம் எல்லாம் மிருகத்துக்குச் சமம் என்று. எங்கட கூட்டங்களில் இதை எத்தனை தடவை காறித் துப்பியிருக்கிறோம்! நானும் எழுதியிருக்கிறேன். அந்த மணல் முற்றத்தில் நின்றபோது விளங்கியது, எங்கள் ஒழுங்கையில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்களும் அதே கணக்குத்தான் பார்த்தார்கள். 146ல் எத்தனை மனிதர்? அந்த ஒன்றரையும் இல்லை. நாங்கள் துட்டகைமுனுவை விடக் கீழே போனோம், அவனுக்காவது ஒரு இரவு நித்திரை வரவில்லை.

இதை எழுதினால் என்னென்ன சொல்வீர்கள் என்று தெரியும். சிங்களவனுக்கு விலை போனவன், துரோகி, புத்திசீவி வேசம். சொல்லுங்கள். 2009ல் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் தொகையை அரசு குறைத்துச் சொல்கிறது என்று ஜெனீவாவில் போய் நின்று கத்தியவன் நான். அடுத்தவன் பிணத்தை எண்ண மறுக்கிறவன் தன்னுடைய பிணத்தை எண்ணச் சொல்லி எந்த வாயால் கேட்பது?

மாமிக்கு இந்த அரசியல் ஒன்றும் தேவைப்படவில்லை. பூவை வைத்துவிட்டு வந்து மதில் ஓரமாக இருந்தா. 1977ல் பக்கத்துக் குவாட்டர்சில் ஒரு சிங்கள அக்கா இருந்தவவாம். போயா நாட்களில் இரண்டு பேரும் இந்த மரத்தடிக்கு ஒன்றாக வருவார்களாம், மாமி நெற்றியில் விபூதியோடு. ஆகஸ்டில் கலவரம் வந்த இரவு மாமி அந்தக் கதவைத் தட்டியிருக்கிறா. உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. மாமாவும் மாமியும் கைப்பிள்ளையோடு தண்டவாளத்துப் பக்கம் பற்றைக்குள் இரவு முழுக்க இருந்து, அடுத்த நாள் எப்படியோ வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் இருந்த எல்லாம் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஒரு ரெயில் கார்ட் மல்லாகத்துக்குப் பார்சல் ஒன்று கொண்டு வந்து கொடுத்தார். சீலைத் துணியில் சுற்றி, மாமியின் கலியாண அல்பம். அந்த அக்கா அனுப்பியது. எரிகிற வீட்டுக்குள் போய் எடுத்திருக்க வேணும்.

"எழுதுறது எண்டால் ரெண்டையும் எழுது தம்பி" என்றா மாமி. "கதவைத் திறக்கேல்லை எண்டதையும் எழுது."

குவாட்டர்ஸ் இருந்த இடத்தைத் தேடினோம். மாமி ஒரு மாமரத்தைச் சொன்னா, அப்படி ஒரு மாமரமும் இல்லை. திரும்பி வருகிற வழியில் மல்வத்து ஓயாப் பாலத்தடியில் வான்காரத் தம்பி சொன்னான், "இது மன்னார்ப் பக்கம் போய்ச் சேர்ற ஆறுதானே அண்ணை, அங்கால அருவியாறு எண்டு சொல்லுறது." அரிப்பில் போய்க் கடலில் விழுகிறது. அந்தக் கரையில் மாதோட்டம், இந்த நகரத்தின் துறைமுகம். அந்தக் கப்பல்கார நாவிகன் வந்து இறங்கியதும் அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேணும். ஓ.எல். கூடப் பாஸ் பண்ணாத பெடியன். வாத்திமார் எனக்குச் சொல்லித் தராததை ஒரு பாலத்தில் வைத்துச் சொன்னான்.

பிறகு அபயகிரிக்குத் திரும்பிப் போய் அந்தத் தமிழ்க் கிரகபதிகளின் கல்லைத் தேடினோம். ஒரு பலகையும் எங்களுக்கு வழி காட்டவில்லை. காவலாளி ஒருவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "தெமள செல்லிபிய கொஹெத?" என்று கேட்டேன். அவர் கையால் ஒரு பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் போனால் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. மச்சான்தான் முன்னுக்குப் போய்த் தேடினார் என்பதையும் எழுத வேணும், காலையில் புத்தளத்தில் சாப்பிடுவம் என்ற அதே மனிசன். முக்கால் மணித்தியாலம் பற்றைக்குள் அலைந்தோம், கிடைக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. வெறுங்காலோடு கல்லில் நடந்து மாமிக்கு உள்ளங்கால் கொப்பளித்துப் போயிருந்தது, அவ ஒருத்தருக்கும் சொல்லவில்லை, வானுக்குள் ஏறின பிறகு மகள்தான் கண்டாள். தம்பி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து காலுக்கு ஊற்றினான்.

"அடுத்த முறை வெள்ளெனவா வெளிக்கிடுவம்" என்றார் மச்சான்.